மன்னிப்புக்குத் தொண்ணூற்றொரு சதவீதம்

கல்லூரி நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுப்பதை நிறுத்தியதற்குக் காரணம் மிக எளிமையானது. யாராவது ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனால் அலமாரியில் அந்த இடம் ஓட்டையாகத் தெரிந்தது. ஓட்டை இருந்தால் வீடியோவுக்குப் பின்னணி எடுபடவில்லை. வாசிப்பு அறை ஸ்டுடியோவாக மாறியபின் புத்தகங்கள் நிறவாரியாக அடுக்கப்பட்டன. கரிம வேதியியலுக்கும் கோழி வளர்ப்புக்கும் ஒரே பச்சை அட்டை என்பதால் அவை அக்கம்பக்கத்தில் நின்றன. நூலகர் முதலில் எதிர்ப்புத் தெரிவித்தார். அவரை 'வாசிப்பின் முகம்' என்று ஒரு வீடியோவில் போட்டார்கள். ஒரு புத்தகத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடவேண்டும், அவ்வளவுதான். நன்றாகவே மூடினார். அதற்குப் பிறகு எதிர்ப்பு வரவில்லை.

இந்த மாற்றங்களையெல்லாம் கொண்டுவந்தவர் சமூக ஊடகப் புலத்தின் தலைவர். அதற்கு முன் அவர் முகப்பூச்சுக்கு விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் 'ரீச்' என்ற சொல் வரும் என்பதால் ரீச் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்படிக் கூப்பிட்டால் அவரும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார்.

முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே அவர் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஒரு ஸ்டூடன்ட்டோட கவனம் எட்டு செகண்ட். ஆராய்ச்சி சொல்லுது. நீங்க அம்பது நிமிஷம் கிளாஸ் எடுக்கறீங்க. மீதி நாப்பத்தொம்பது நிமிஷம் அம்பத்திரண்டு செகண்ட் யாருக்கு எடுக்கறீங்க? சுவத்துக்கா?"

முதல்வர் கை தட்டினார். அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். வேதியியல் துறையின் வரிசையில் உட்கார்ந்திருந்த சொட்டு மேடமும் தட்டினார். ஆனால் தட்டி முடித்ததும் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஒரு டைட்ரேஷன் முடியவே இருபது நிமிஷம் ஆகுமே சார்?"

"ஸ்பீடா ஓட்டிக்கலாம் மேடம்."

"வேகமா ஊத்தினா நிறம் தாண்டிப் போயிடும் சார்."

"எடிட்டிங்ல மேடம். உங்க கையில இல்ல."

சொட்டு மேடம் என்பது மாணவர்கள் வைத்த பெயர். டைட்ரேஷன் நாளில் ஆய்வகத்தில் மேசை மேசையாக நடந்து, நிறம் மாறும்வரை அமிலம் ஊற்றும் ஒவ்வொரு கையையும் பார்த்து "சொட்டுச் சொட்டா விடுப்பா, சொட்டுச் சொட்டா" என்று சொல்லிக்கொண்டே போவார். வேதியியல் என்பது நிறுத்தத் தெரிவது என்பது அவர் கட்சி. இருபத்தோராவது சொட்டில் நிறம் மாறும் என்றால் இருபதாவது சொட்டில் கை தயங்கவேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தே அவருக்குத் தலை நரைத்திருந்தது. அந்தக் கூட்டத்தில் அவர் உட்கார்ந்தபோது, இதுவும் ஒரு மழைபோலப் பெய்து ஓய்ந்துவிடும் என்று நினைத்தார்.

ஓயவில்லை. ஒவ்வோர் ஆசிரியரும் வாரம் ஒரு வீடியோ போடவேண்டும் என்று உத்தரவு வந்தது. பதவி உயர்வு லைக்கின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மாணவர்களுக்கு 'டிஜிட்டல் பங்கேற்பு' என்று தனி மதிப்பெண். கல்லூரிப் பக்கத்தில் எது வந்தாலும் லைக் போட்டு, பகிர்ந்து, மனமுவந்து ஒரு கமென்ட் எழுத வேண்டும். மனமுவந்து எழுதவேண்டிய வாசகம் முந்தின நாளே அனுப்பப்பட்டுவிடும். அதோடு படிப்பு முடிவதற்குள் ஒரு வீடியோவிலாவது முகம் காட்டாதவர்களுக்குத் தேர்வு எழுத அனுமதி கிடையாது.

கல்லூரி சுறுசுறுப்படைந்தது. வரலாற்று ஆசிரியர் ஒரு பேரரசு வீழ்ந்த கதையைத் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே சொன்னார். அது எந்தப் பேரரசு என்பது கடைசிவரை புரியவில்லை. தத்துவ ஆசிரியர் "நான் யார்?" என்று கேட்டுவிட்டு ஆடினார். கணித ஆசிரியர் ஒரு சமன்பாட்டை எடுத்துக்கொண்டு வேண்டுமென்றே தப்பாகப் போட்டார். அது ரீச் சாரின் யோசனை.

"சரியா போட்டா பாத்துட்டுப் போயிடுவாங்க. தப்பா போட்டாத்தான் திருத்த வருவாங்க. திருத்த வந்தா கமென்ட். கமென்ட் வந்தா ரீச்."

ஆயிரக்கணக்கானவர்கள் திருத்த வந்தார்கள். கணித ஆசிரியர் அந்த ஆண்டின் சிறந்த ஆசிரியர் ஆனார். பருவத் தேர்வில் அவர் வகுப்பில் பாதிப் பேர் அதே தப்பான விடையை எழுதித் தோற்றார்கள். அவர் அசரவில்லை. தோற்றவர்களை வரிசையாக நிற்கவைத்து, 'தோல்வி ஒரு தொடக்கம்' என்று இன்னொரு வீடியோ எடுத்தார். முந்தையதைவிட அது நன்றாக ஓடியது.

சொட்டு மேடம் ஒரு டைட்ரேஷனை முழுசாகப் படம் எடுத்துப் போட்டார். இருபது நிமிடம். வெள்ளைக் கோட்டு, ஒரு குடுவை, சொட்டுச் சொட்டாக விழும் திரவம், கடைசியில் ஒரு மெல்லிய ரோஜா நிறம். பதினொரு பேர் பார்த்தார்கள். அதில் ஒன்பது அவருடைய கணவர். அவருக்குத் தபால் நிலையத்தில் கவுன்ட்டர் வேலை.

"அழகா இருந்துச்சு. கடைசில அந்த ரோஸ் கலர் வந்தது பாரு!" என்றார் சாப்பிடும்போது.

"முழுசாப் பாத்தீங்களா?"

"ஒரு தடவை. மத்த எட்டுத் தடவையும் ஓட விட்டுட்டு முத்திரை குத்திட்டிருந்தேன்."

மறுநாள் மேடத்துக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. குற்றம், 'மாணவர் கவனத்தை இருபது நிமிடம் முடக்கி வைத்தல்'. முதல்வர் அறையில் அவரை உட்காரச் சொன்னார்கள். ரீச் சார் ஏற்கெனவே அங்கே இருந்தார்.

"மேடம், நாங்க மாணவர்களோட குரலைக் கேக்கற நிறுவனம்" என்றார் முதல்வர். "கமென்ட் பகுதியைச் சில சமயம் மூடி வைக்கறதுகூட அதுக்குத்தான். கூச்சல் இல்லாதப்பதான் குரல் தெளிவாக் கேக்கும். உங்க வீடியோவுக்கு ஒரு குரலும் வரல. ஏன்?"

"பாடம் அது சார். பாத்துட்டு எழுதிக்குவாங்க."

"எங்க எழுதிக்குவாங்க?"

"நோட்டுல சார்."

ரீச் சாரும் முதல்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுப் பெரியவர்கள் தூக்கத்தில் உளறினால் பார்த்துக்கொள்வதுபோல.

"உங்க சப்ஜெக்ட்ல நுரை பொங்குமே, அது பண்ணுங்க மேடம்" என்றார் ரீச் சார். "கூரையைத் தொடணும்."

"முதலாண்டுக்குச் செஞ்சு காட்டுவேன் சார், தண்ணி கலந்த மருந்துல. கூரையைத் தொடணும்னா வீரியம் அதிகமா எடுக்கணும். கண்ணுல பட்டா எரிச்சுடும்."

"கண்ணாடி போட்டுக்கலாமே! பாதுகாப்புதான் முதல்ல. அதையே தனி வீடியோவாப் போடலாம்."

மேடம் ஒப்புக்கொண்டார். கண்ணாடி என்ற சொல் அவருக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்திருந்தது.

நுரையை ஊற்ற ஒரு மாணவர் வேண்டும். மூன்றாமாண்டுப் பெண் ஒருத்தி தானே தேடிக்கொண்டு வந்தாள். அவள் அம்மா ஒரு தையற்கடையில் துணி பிடித்துத் தைப்பவர். வீட்டில் இருந்த ஒரே போன் சாயங்காலம்வரை அம்மாவோடு கடையில் இருக்கும். அதனால் அந்தப் பெண்ணால் எதற்கும் உரிய நேரத்தில் மனமுவக்க முடியவில்லை. டிஜிட்டல் பங்கேற்பில் முட்டை. மற்ற எல்லாவற்றிலும் வகுப்பில் அவள்தான் முதல்.

"மேடம், எனக்கு ஒரே ஒரு வீடியோல வந்தா போதும். கை மட்டும் வந்தாக்கூடப் பரவாயில்ல."

"கையே போதும்மா" என்றார் மேடம். "நிதானமான கை உனக்கு."

படப்பிடிப்பு அன்று ஆய்வகத்தில் ஒரு பெரிய வட்ட விளக்கை நிறுத்தியிருந்தார்கள். ரீச் சார் தானே கேமராவைப் பிடித்தார். முதல் தடவை நுரை ஒரு சாண் எழுந்து வழிந்தது.

"இது பல் தேய்க்கக்கூடக் காணாது மேடம்."

வீரியத்தைக் கூட்டினார்கள். இரண்டாம் தடவை நுரை புஸ்ஸென்று கிளம்பிக் கூரையில் அடித்தது. சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். அந்தப் பெண்கூடச் சிரித்தாள். ரீச் சார் மட்டும் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பாதுகாப்புக் கண்ணாடியில் வட்ட விளக்கு விழுந்து, கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளை வளையங்கள் தெரிந்தன.

"கண்ணே தெரியலையே மேடம். கண்ணு தெரியாம ஃபீலிங் எங்கேர்ந்து வரும்? கண்ணாடியைக் கழட்டிட்டு இன்னொண்ணு போயிடலாம்."

"முடியாது சார்."

"பத்து செகண்ட் மேடம்."

"முடியாதுன்னா முடியாது சார்."

ரீச் சார் வாக்குவாதம் செய்யவில்லை. முதல்வரை அழைத்து போனை மேடத்திடம் நீட்டினார்.

"மேடம்" என்றார் முதல்வர், மிகவும் கனிவாக. "எந்தெந்தத் துறையை மூடலாம்னு அடுத்த வாரம் கமிட்டி உக்காருது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் உங்களை எதுவும் செய்யச் சொல்லல. சும்மா நலம் விசாரிக்கத்தான்."

மேடம் போனைத் திருப்பிக் கொடுத்தார். சற்று நேரம் குடுவையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"கொஞ்சம் தள்ளி நின்னுக்கோம்மா. ஊத்தின உடனே பின்னால வந்துடு. கண்ணாடியைக் கழட்டு."

அவள் மேடத்தை ஒரு தடவை பார்த்தாள். மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கழற்றினாள்.

"லேசாக் குனிஞ்சு பாரும்மா" என்றார் ரீச் சார் கேமராவுக்குப் பின்னாலிருந்து. "ஆச்சரியப்படற மாதிரி."

அவள் குனிந்தாள். ஆச்சரியப்பட நேரம் கிடைக்கவில்லை.

கண் கழுவும் குழாய் ஆய்வகத்தின் மூலையில் இருந்தது. அதன் முன்னால், 'இங்கே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கல்லூரிச் சின்னத்தோடு ஒரு பெரிய தட்டியைக் கட்டி வைத்திருந்தார்கள். மேடம் அதைக் கையாலும் காலாலும் கிழித்துத் தள்ளிவிட்டு, அந்தப் பெண்ணின் தலையைப் பிடித்துத் தண்ணீரில் காட்டினார். அவள் அலறிய அலறலில் கீழ்த்தளத்தில் ஆடிக்கொண்டிருந்த தத்துவ ஆசிரியர்கூட நின்றுவிட்டார்.

"கேமராவை ஏன் சார் நிறுத்தல?" என்று பிற்பாடு யாரோ கேட்டபோது ரீச் சார் கண் கலங்கினார். "கை வரலைங்க. அவ்வளவு அதிர்ச்சி எனக்கு." அதிர்ச்சியிலும் அவர் கை இரண்டு தடவை கிட்டப் போய்க் காட்டியிருந்தது.

ஆம்புலன்ஸ் போன கையோடு முதல்வர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"நாம எல்லாரும் தாங்க முடியாத சோகத்துல இருக்கோம். வீடியோ எப்படியோ வெளிய போயிடுச்சு. போனதுலேர்ந்து நம்ம ஃபாலோயர் மூணு மடங்கு. இந்தச் சோகத்துல நம்ம பக்கத்துல வந்து நிக்கற இவ்வளவு பேரையும் நாம கைவிடக் கூடாது. அடுத்து என்ன போடறோம்?"

'ஒரு கண், ஓராயிரம் கனவு' என்று போட முடிவாயிற்று. அந்தப் பெண்ணின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, வலது கண்மேல் ஒரு நட்சத்திரத்தை ஒட்டிப் போஸ்டர் அடித்தார்கள். எல்லா மாணவர்களும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு படம் எடுத்துப் போடவேண்டும். போட்டால் இரண்டு மதிப்பெண். பொத்திய கண்களால் கல்லூரிப் பக்கம் நிறைந்தது. இடது கண்ணைப் பொத்தியவர்களுக்கு ஒரு மதிப்பெண் குறைத்தார்கள்.

மருத்துவமனையில் டாக்டர் அதற்குள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. இடது கண் தேறிவிடும், வலது கண்ணைப் பற்றிக் கொஞ்ச நாள் போனால்தான் தெரியும், அதுவரை இரண்டு கண்ணுக்கும் கட்டு, கட்டு அவிழ்த்தபின்னும் சில நாளுக்குத் திரை எதையும் பார்க்கக் கூடாது என்றார். ரீச் சாருக்குக் கவலை வந்துவிட்டது.

"ரெண்டு கண்ணும் சரியாயிட்டா என்ன சார் பண்றது? போஸ்டர் அடிச்சாச்சே."

"பதறாதீங்க" என்றார் முதல்வர். "நல்லதையே நினைப்போம்."

சிகிச்சைச் செலவு கல்லூரியுடையது என்று சொல்லி அம்மாவிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கட்டிலுக்கு எதிரே, மருந்து வைக்கும் மாடத்தில், எலுமிச்சம்பழம் அளவு கேமரா ஒன்று வந்து உட்கார்ந்தது. 'குணமடையும் பயணம்' என்று தினமும் போடுவதற்கு. பிறகு அம்மாவை ஜன்னலோரம் நிறுத்திப் பேசச் சொன்னார்கள். அந்த அம்மாவுக்குப் பேச வரவில்லை, அழத்தான் வந்தது.

"அருமையா அழுதீங்கம்மா" என்றார் ரீச் சார். "ஃபேன் சத்தம் வந்துடுச்சு. இன்னொரு தடவை போயிடலாமா?"

"என்ன போயிடலாம்?"

"அழுகைம்மா."

அந்த அம்மா அவரையே பார்த்தார். கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அன்றும் கடையிலிருந்து நேரே ஓடி வந்தவர் அதைக் கழற்ற மறந்திருந்தார். ஃபேனை நிறுத்தினார்கள். புழுக்கத்தில் கட்டிலில் கிடந்த பெண் முனகினாள். மகள் முனகுவதைக் கேட்டு அம்மா அழுதார். அந்த அழுகை துல்லியமாகப் பதிவாயிற்று.

சொட்டு மேடம் இந்த நாட்களில் தூங்கவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போனார். "நான்தான் கழட்டச் சொன்னேன்" என்று கணவரிடம் சொன்னார். "அவங்க சொல்லித்தானே நீ சொன்ன?" என்றார் கணவர். "அந்தப் பொண்ணு அவங்க பேச்சைக் கேட்டுக் கழட்டலைங்க. என் பேச்சைக் கேட்டுக் கழட்டினா." கணவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

விசாரணைக் குழு என்று சொன்னபோது மேடத்துக்கு உண்மையில் நிம்மதியாக இருந்தது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம். தண்டனை என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் போய்ப் பார்த்தபோது அது பெரிய அரங்கமாக இருந்தது. 'பொறுப்பேற்கும் நேரம் - நேரலை' என்று மேடையில் எழுதியிருந்தது. ஒப்பனை செய்யும் பெண் அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"தப்பு பண்ணவங்க மாதிரி வேணுமா மேடம், பாதிக்கப்பட்டவங்க மாதிரி வேணுமா?"

"நான் தப்பு பண்ணவதாம்மா."

"அப்போ கண்ணுக்குக் கீழ எதுவும் போட வேண்டாம். ஏற்கெனவே நல்லா இருக்கு" என்றாள் அவள்.

முதல்வர் தொடங்கிவைத்தார். "இந்த நிறுவனத்துல மறைக்கறதுக்கு எதுவுமே கிடையாது. அதனாலதான் இவ்வளவு லைட் போட்டிருக்கோம். இன்னிக்குத் தீர்ப்பு சொல்லப்போறது நானில்ல. நேயர்கள். மன்னிக்கலாமா, கூடாதா? கீழ பட்டன் இருக்கு."

மேடத்தின் முன்னால் மைக் வந்தது. அவர் எதையும் அலங்கரிக்கவில்லை.

"மருந்தோட வீரியத்தைக் கூட்டினது நான். கண்ணாடியைக் கழட்டச் சொன்னது நான். ரீச் சார் கழட்டணும்னு சொன்னாரு. முடியாதுன்னேன். முதல்வர் போன்ல துறையை மூடறதைப் பத்திப் பேசினாரு. எனக்குப் பயம் வந்துடுச்சு. கழட்டச் சொல்லிட்டேன். கண் கழுவற குழாயைத் தட்டி வச்சு மறைச்சிருந்தாங்க. அது எத்தனையோ மாசமா அப்படித்தான் இருந்துச்சு. தினம் பாத்துட்டுத்தான் போனேன். நானும் எதுவும் சொல்லல."

மேடம் முதல்வரைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேர்மை!" என்றார் மைக்கைப் பிடித்து. "இந்த நேர்மையை வளர்த்தது எது? இந்த நிறுவனம். என் பேரையே சொல்ற அளவுக்கு ஒரு ஆசிரியைக்கு இங்க சுதந்திரம் இருக்குன்னா, வேற எந்தக் கல்லூரியில இருக்கு? சேர்க்கை ஆரம்பிச்சாச்சு, விவரம் கீழ வருது."

திரையில் இதயங்கள் மிதந்து மேலேறின. ரீச் சார் ஓடி வந்து முடிவை வாசித்தார். மன்னிக்கலாம் என்றவர்கள் தொண்ணூற்றொரு சதவீதம். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. யாரோ மேடத்தின் கையில் பூங்கொத்தைத் திணித்தார்கள்.

"அந்தப் பொண்ணு என்ன சொன்னா?" என்று கேட்டார் மேடம்.

"எந்தப் பொண்ணு மேடம்?"

"கண்ணுல அடிபட்ட பொண்ணு. அவ மன்னிச்சாளா?"

"அவங்க ஓட்டுப் போடல மேடம்" என்றார் ரீச் சார். "திரை பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே."

மேடம் பூங்கொத்தை மேடையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் நின்ற பேருந்தில் ஏறி நேரே மருத்துவமனைக்குப் போனார். அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அறையில் அந்தப் பெண் மட்டும் இருந்தாள், இரண்டு கண்ணிலும் கட்டோடு. மாடத்தில் இருந்த கேமராவில் பச்சைப் புள்ளி எரிந்தது. மேடத்தின் கண்ணில் அது படவேயில்லை. அவர் கட்டிலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"யாரு?"

"நான்தாம்மா."

அவளுக்குக் குரல் தெரிந்தது.

"அன்னிக்கு நீங்க முடியாதுன்னு சொன்னீங்க மேடம். ரெண்டு தடவை. எனக்கு எவ்வளவு தைரியமா இருந்துச்சு தெரியுமா? அப்புறம் நீங்களே கழட்டச் சொன்னீங்க. நீங்களே சொல்றீங்கன்னா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"தெரியும்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன். என்னை..."

அவரால் கேட்டு முடிக்க முடியவில்லை. அவள் புரிந்துகொண்டாள்.

"இல்ல மேடம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "மன்னிக்க முடியல. மன்னிக்கல."

மேடம் தலையை ஆட்டினார். அவள் பார்க்க முடியாது என்பது நினைவுக்கு வந்து, "சரிம்மா" என்றார். அவருக்குக் கண்ணீர் வந்தது. ஆனால் இத்தனை நாளில் முதல் தடவையாக, கேட்ட கேள்விக்கு ஒரு மனிதரிடமிருந்து பதில் கிடைத்ததுபோல் இருந்தது. அவள் கையைத் தொடலாமா என்று யோசித்து, தொடாமல், அம்மா வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் போனும் கையுமாக வாசலுக்கே வந்துவிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

"நல்லவேளை, மன்னிச்சிட்டா. பாத்து எனக்கே அழுகை வந்துடுச்சு."

அவர் நீட்டிய திரையில் மேடம் மருத்துவமனை அறையைப் பார்த்தார். கட்டிலில் பெண். பக்கத்தில் தான். பேச்சு எதுவும் கேட்கவில்லை. அந்த இடத்தில் மனதை உருக்கும் ஒரு பியானோ இசை போட்டிருந்தார்கள். பெண்ணின் உதடு மெல்ல அசைந்தது. உடனே மேடத்தின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கீழே தங்க நிறத்தில் ஒரே சொல்: 'மன்னிப்பு'.

"இல்லைங்க. அவ மன்னிக்கலன்னு சொன்னா."

"உனக்கு அப்போ படபடப்பா இருந்திருக்கும். சரியாக் கேட்டிருக்க மாட்ட."

"என்கிட்டயே சொன்னா!"

"லட்சக்கணக்கான பேர் பாத்திருக்காங்கம்மா" என்றார் கணவர் தயங்கித் தயங்கி. "அத்தனை பேருமா தப்பாப் புரிஞ்சுப்பாங்க?"

மேடம் அந்த வீடியோவின் கீழ், "அவள் மன்னிக்கவில்லை. நான் அங்கே இருந்தேன்" என்று எழுதினார். ஒரு சிலர் அவரைக் கல்நெஞ்சக்காரி என்று திட்டினார்கள். ஒருவர், நீ யார் அதைச் சொல்ல, அந்த டீச்சரே அழுகிறார் பார் என்று கேட்டார். சற்று நேரத்தில் தவறான தகவல் பரப்பியதாகச் சொல்லி அவர் கணக்கை முடக்கிவிட்டார்கள்.

மறுநாள் முதல்வரின் அறைக்குப் போனார். மேசைமேல் அவருக்கான புதிய பதவி நியமனம் தயாராக இருந்தது. மன்னிப்பு மற்றும் பரிவு மையத்தின் பொறுப்பாளர்.

"சார், அந்தப் பொண்ணு சொன்னதை நீங்க மாத்திட்டீங்க."

"மாத்தலையே. ஒரு சொல்லையும் நாங்க சேர்க்கல. இசைதான் சேர்த்தோம்."

"அவ மன்னிக்கலன்னுதானே சார் சொன்னா?"

முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது அவங்களோட தனிப்பட்ட கருத்து மேடம். அதை நான் மதிக்கறேன். ஆனா இது ஒரு கல்வி நிறுவனம். தனிநபர் கருத்துக்கெல்லாம் நாம மேடை கொடுக்க ஆரம்பிச்சா எங்க போய் முடியும்?"

மேடம் நியமனத்தை எடுக்கவில்லை. வேலையை விடுவதாக அங்கேயே எழுதிக் கொடுத்தார். அதில் ரீச் சார் ஒரே ஒரு வரியை, 'இந்தக் கல்லூரியில் இனி எனக்கு வேலை இல்லை' என்பதை, 'இந்தக் கல்லூரியில் என் வேலை நிறைவடைந்தது' என்று திருத்தி, மேடம் படியிறங்கிப் போகும் காட்சியோடு போட்டார். நல்ல ரீச்.

வலது கண் போய்விட்டது. டாக்டர் அதைச் சொன்ன நாளில் கல்லூரியில் போஸ்டரை மாற்ற வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அந்தப் பெண்ணுக்கு டிஜிட்டல் பங்கேற்பில் முழு மதிப்பெண் கொடுத்தார்கள். அவள் தேர்வு எழுதப் போகவில்லை.

சில வாரங்கள் கழித்து அவள் அம்மாவிடமிருந்து மேடத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. "பொண்ணு உங்களைக் கூப்பிடறா. எதுக்குன்னு சொல்ல மாட்டேங்கறா." மேடம் மத்தியான வெயிலில் வீட்டைத் தேடிக்கொண்டு போனார். முன் அறை முழுவதும் தையல் மெஷின். அம்மா கடை வேலையை இப்போது வீட்டிலேயே வைத்துச் செய்துகொண்டிருந்தார்.

"உக்காருங்க மேடம்" என்றார் அம்மா. கசப்பில்லாமல்தான் சொன்னார். "அவ மன்னிச்சதுதான் சரின்னு எங்க தெருவுல எல்லாரும் சொல்றாங்க. நல்ல மனசு, நல்லா வளர்த்திருக்கீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கறாங்க. எனக்கு மனசு ஆறலதான். ஆனா அவளே மன்னிச்சிட்டப்புறம் நான் என்ன சொல்றது?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் உள்ளேயிருந்து சொம்பும் டம்ளருமாக வந்தாள். டம்ளரை மேசையில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. தண்ணீர் டம்ளருக்கு அரை விரல் தள்ளி மேசையில் விழுந்து ஓடியது. அம்மா ஒரு துண்டுத் துணியால் துடைத்தார். இரண்டாம் தடவை டம்ளரை இன்னொரு கையால் தொட்டுப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள்.

அம்மா ஈரத் துணியைப் பிழியப் பின்பக்கம் போனார். அதற்காகவே காத்திருந்தவள்போல அவள் மேடத்துக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"திரை பாக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த வீடியோவைப் பாத்தேன் மேடம். திரும்பத் திரும்பப் பாத்தேன். என் வாயையே பாத்தேன். பாட்டோட பாத்தா நான் மன்னிச்ச மாதிரிதான் இருக்கு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அம்மாகிட்ட சொன்னேன், மருந்து மயக்கத்துல உனக்கு நினைவில்லடீங்கறாங்க."

மேடம் டம்ளரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அங்க நாம ரெண்டு பேர்தான் இருந்தோம்" என்றாள் அவள். "நான் என்ன சொன்னேன்?"

"மன்னிக்கலன்னு சொன்னம்மா."

"முழுசாச் சொல்லுங்க."

"'இல்ல மேடம். மன்னிக்க முடியல. மன்னிக்கல.'"

அவள் நீளமாக மூச்சு விட்டாள். பின்பக்கத்தில் அம்மா துணியை உதறும் சத்தம் கேட்டது.

"அம்மா வந்ததும் இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். "சத்தமா."